எட்டாம் வகுப்பு அமெரிக்க வரலாறும் நான் எழுதின குவிஸ் ஆப்பும்

போன எபிசோட்ல டேட்டாபேஸ் இன்டெக்ஸ் பத்திப் பேசினதுக்கு நிறைய மெசேஜ் வந்திருந்தது. படிச்சேன், எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு டாபிக் கொஞ்சம் வேற மாதிரி. கோடிங் இருக்கு, ஆனா பாதிக்கு மேல வரலாறு. அதுவும் அமெரிக்க வரலாறு. "உனக்கும் அதுக்கும் என்னடா சம்பந்தம்?"னு கேட்டா, நியாயமான கேள்விதான்.

சம்பந்தம் என் பெரியம்மா பொண்ணு. அக்கா, மாமா, அவங்க பொண்ணு மூணு பேரும் டெக்ஸாஸ்ல, டல்லாஸ் பக்கத்துல இருக்காங்க. பொண்ணை வீட்டுல எல்லாரும் குட்டின்னுதான் கூப்பிடுவோம். எட்டாவது படிக்கிறா. டெக்ஸாஸ்ல எட்டாம் வகுப்புக்கு ஸ்டார்னு ஒரு மாநிலத் தேர்வு உண்டு. அதுல சோஷியல் ஸ்டடீஸ் பேப்பர் முழுக்க அமெரிக்க வரலாறு. குடியேற்றக் காலத்துல ஆரம்பிச்சு, உள்நாட்டுப் போர் முடிஞ்சதுக்கு அப்புறமான மறுசீரமைப்புக் காலம் வரைக்கும், அதாவது 1877 வரை. ஏப்ரல் மாசம் அக்கா போன் பண்ணி, "டேய், நீதான் ஏதோ ஆப் எல்லாம் எழுதுவியே, இவளுக்கு ரிவிஷனுக்கு ஏதாவது பண்ணிக் குடேன். புக்கைத் தொடவே மாட்டேங்கிறா"ன்னா.

எனக்கு ஒரே குஷி. ஆபீஸ்ல வருஷம் முழுக்க யாரோ ஒருத்தரோட பேமென்ட் பேஜ்ல பட்டனை இடதுல இருந்து வலதுக்கு நகர்த்திட்டு இருக்கிறவனுக்கு இது ஒரு நிஜமான யூசர், நிஜமான பிரச்சினை. ஒரு சனி, ஞாயிறுல முடிச்சிட்டேன். நூத்திச் சொச்சம் கேள்வி, நாலு ஆப்ஷன், ஓடுற டைமர், வேகமா பதில் சொன்னா அதிக பாயின்ட், சரியான பதிலுக்குப் பச்சை டிக், ஒரு "டிங்" சத்தம், கூடவே திரை முழுக்கக் காகிதப் பூ கொட்டும்.

இந்த டிசைன் எதுவும் என் ஐடியா இல்ல. அமெரிக்க நடுநிலைப் பள்ளி வகுப்பறைகள்ல தேர்வுக்கு முந்தின வாரம் நடக்குறது பெரும்பாலும் இதுதான். கஹூட்னு ஒன்னு இருக்கு, நார்வேல பிறந்தது. டீச்சர் கேள்வியைப் பெரிய திரைல போடுவாங்க, பசங்க தங்களோட கருவில கலரை அழுத்துவாங்க, சீக்கிரம் அழுத்தினா அதிக மார்க். குவிஸ்லெட்டை 2005ல கலிஃபோர்னியால ஒரு பதினஞ்சு வயசுப் பையன் எழுதினான், தன்னோட பிரெஞ்சு வார்த்தைகளை மனப்பாடம் பண்றதுக்காக. கிம்கிட்டும் ஒரு பள்ளி மாணவர் பண்ணினதுதான். குவிஸிஸ் நம்ம பெங்களூர்ல 2015ல ஆரம்பிச்சது, இப்போ பேரை வேகிரவுண்ட்னு மாத்திட்டாங்க. புளூக்கெட்ல சரியான பதில் சொன்னா மூணு பெட்டில ஒன்னைத் திறக்கலாம், அடுத்தவனோட தங்கத்தைத் திருடலாம். குட்டிக்கு அது உயிர். "மாமா, அதுல படிக்காமலே ஜெயிக்கலாம்"னா. அந்த வாக்கியத்தை நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.

டெக்ஸாஸ்ல ராத்திரி எட்டு மணின்னா நமக்கு மறுநாள் காலைல ஆறரை. நான் காபியோட லேப்டாப்பைத் திறப்பேன், அவ டின்னர் முடிச்சிட்டு உக்காருவா. முதல் நாள் அறுபது சதவீதம். நாலாவது நாள் தொண்ணூத்தி நாலு. அக்கா பின்னாடி நின்னு கைதட்டுறா. நான் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஸ்கிரீன்ஷாட் போட்டேன். பெரியம்மா மூணு கும்பிடு எமோஜி அனுப்பினாங்க.

அஞ்சாவது நாள் சும்மா வாய் வார்த்தையா கேட்டேன். "குட்டி, 1803ல மார்பரி எதிர் மேடிசன் வழக்குல என்ன முடிவாச்சு?"

"ஜுடிஷியல் ரிவ்யூ, மாமா."

"சரி, ஜுடிஷியல் ரிவ்யூன்னா என்ன?"

கொஞ்ச நேரம் யோசிச்சா. "அதான் மாமா, மார்பரி எதிர் மேடிசன்."

நான் சிரிச்சிட்டேன், அவளும் சிரிச்சா. ஆனா அழைப்பை வெச்சதுக்கு அப்புறம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நாடாளுமன்றம் போட்ட சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமா இருந்தா அது செல்லாதுன்னு சொல்ற அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டுன்னு தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் நிலைநாட்டின வழக்கு அது. இன்னைக்கு வரைக்கும் அந்த நாட்டு அரசியல் அது மேலதான் ஓடுது. இவளுக்கு அது ரெண்டு வார்த்தை. முதல் வார்த்தையைப் பார்த்தா ரெண்டாவது வார்த்தையை அழுத்தணும், அவ்வளவுதான்.

லாகைத் திறந்து பார்த்தேன். நல்ல வேளை, ஒவ்வொரு பதிலுக்கும் எடுத்த நேரத்தை ஸ்டோர் பண்ணி வெச்சிருந்தேன். பெரும்பாலான பதில்கள் ரெண்டு விநாடிக்குள்ள. நான் எழுதின கேள்வியைக் கடகடன்னு வாசிச்சாலே ஆறு, ஏழு விநாடி ஆகும். அவ கேள்வியைப் படிக்கவே இல்ல. இன்னொன்னும் கண்ணுல பட்டது, இதுக்கு நான்தான் வெட்கப்படணும். என் கேள்விகள்ல சரியான பதில்தான் பெரும்பாலும் நீளமான பதில். ஏன்னா சரியான பதிலை எழுதும்போது தப்பாயிடக் கூடாதேன்னு கவனமா ரெண்டு வார்த்தை சேர்ப்போம். தப்பான பதிலை யாரு செதுக்குவா? ஏதோ ஒரு வார்த்தையைத் தூக்கிப் போட்டுட்டுப் போயிடுவோம். குட்டி அதைக் கண்டுபிடிச்சிருக்கா. அவ படிச்சது அமெரிக்க வரலாறு இல்ல, என்னோட சோம்பேறித்தனத்தைப் படிச்சிருக்கா.

நாம இதைக் கிண்டல் பண்ண முடியாது. பொருத்துக, கோடிட்ட இடம் நிரப்புக, ஒரு மார்க் கேள்வி, இதுல வளர்ந்தவங்கதானே நாம. முதலாம் பானிப்பட்டுப் போர் 1526. கேட்டா இன்னைக்கும் தூக்கத்துல சொல்லுவேன். யாருக்கும் யாருக்கும், எதுக்காகன்னு கேட்டா கொஞ்சம் தண்ணி குடிக்கணும்.

அப்போ குவிஸ்ங்கிறதே தப்பான்னு கேட்டா, அதான் இல்ல. இங்கதான் நான் ஒரு வாரம் பேப்பரா படிச்சுத் தள்ளினேன். 2006ல ரோடிகர், கார்பிக்கிங்கிற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், செயின்ட் லூயிஸ்ல இருக்குற வாஷிங்டன் பல்கலைக்கழகத்துல ஒரு சோதனை பண்ணினாங்க. மாணவர்களுக்கு ஒரு பத்தி. ஒரு சாரார் அதை ரெண்டு தடவை படிச்சாங்க. இன்னொரு சாரார் ஒரு தடவை படிச்சிட்டு, பார்க்காம ஞாபகத்துல இருந்து எழுதிப் பார்த்தாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டா ரெண்டு தடவை படிச்சவங்க முன்னாடி. ஒரு வாரம் கழிச்சுக் கேட்டா கதை தலைகீழ்: எழுதிப் பார்த்தவங்களுக்கு 56 சதவீதம் ஞாபகம் இருக்கு, திரும்பப் படிச்சவங்களுக்கு 42. அதாவது டெஸ்ட்ங்கிறது நீ எவ்வளவு கத்துக்கிட்டேன்னு அளக்குற கருவி மட்டும் இல்ல, அதுவே கத்துக்கிற வழி. மூளைல இருந்து ஒன்னை இழுத்து வெளிய எடுக்குறதுக்கு ஒரு கஷ்டம் இருக்கு பாருங்க, அந்தக் கஷ்டம்தான் அதை உள்ள ஆணி அடிச்சு வைக்குது.

"அது காலேஜ் பசங்க, லேப்ல"ன்னு சொல்லலாம். இதே குழு இல்லினாய்ல கொலம்பியாங்கிற ஊர்ல ஒரு நடுநிலைப் பள்ளிக்கே போயிட்டாங்க. ஆறாம் வகுப்பு சோஷியல் ஸ்டடீஸ். எகிப்து, மெசொப்பொத்தேமியா, இந்தியா, சீனான்னு பழைய நாகரிகங்கள் பாடம். கைல கிளிக்கர் கொடுத்துக் குட்டிக் குட்டி குவிஸ். எந்தப் பகுதில குவிஸ் வெச்சாங்கன்னு டீச்சருக்கே தெரியக் கூடாதுன்னு குவிஸ் நடக்கும்போது டீச்சர் வெளிய போயிடுவாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விவரம் அது, பக்கா பிளைண்ட் டெஸ்ட். முடிவு என்னன்னா, குவிஸ் வெச்ச பகுதில பசங்க ஒரு முழு கிரேடு அதிகம் எடுத்தாங்க. வெறுமனே திரும்பப் படிச்சுக் காட்டின பகுதிக்கும், ஒன்னுமே பண்ணாத பகுதிக்கும் வித்தியாசம் இல்ல.

ஆக குவிஸ் வேலை செய்யும், ஆனா அது கஷ்டமா இருக்கணும். என் ஆப் பண்ணினது என்னன்னா, அந்தக் கஷ்டத்தை மட்டும் பார்த்துப் பார்த்து எடுத்துட்டு, மீதி எல்லாத்தையும் வெச்சுக்கிச்சு.

முதல்ல டைமரைத் தூக்கினேன். வேகத்துக்கு பாயின்ட் கிடையாது. குட்டி ஒரு நாள் முழுக்கப் பேசல. அப்புறம் தப்பான ஆப்ஷன்களை உக்காந்து புதுசா எழுதினேன். இதுலதான் நான் எதிர்பார்க்காத அளவுக்கு நேரம் போச்சு. ஒரு நல்ல தப்பான பதில் எழுதுறது சரியான பதில் எழுதுறதைவிட நாலு மடங்கு கஷ்டம். ஒரு பொண்ணு எந்த இடத்துல நிஜமாவே குழம்புவாளோ, அந்தக் குழப்பத்தை அப்படியே ஒரு ஆப்ஷனா வைக்கணும்.

ஒரு உதாரணம் சொல்றேன். 1787ல பிலடெல்ஃபியால அரசியல் சாசனம் எழுத உக்காந்தப்போ "அஞ்சுல மூணு பங்கு சமரசம்"னு ஒன்னு பண்ணினாங்க. அடிமைகளா இருந்தவங்கள்ல அஞ்சு பேரை மூணு பேரா எண்ணணும்னு. இதைக் கேட்டதும் நம்ம மனசு எங்க போகும்? "அட, மனுஷனை முழு மனுஷனா மதிக்கலையே, முழுசா எண்ணியிருக்கணும்"னு. எனக்கும் அப்படித்தான் போச்சு. படிச்சதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சது, முழுசா எண்ணணும்னு அடம்பிடிச்சது அடிமைகளை வெச்சிருந்த தென் மாநிலங்கள். ஏன்னா மக்கள்தொகை அதிகமா காட்டினா பிரதிநிதிகள் சபைல சீட் அதிகம். எண்ணப்படுற அந்த மக்களுக்கு ஓட்டு கிடையாது, உரிமை கிடையாது, அவங்க தலை எண்ணிக்கை மட்டும் அவங்களை அடிமையா வெச்சிருந்தவனுக்கு பலம் சேர்க்குது. எண்ணவே கூடாதுன்னு சொன்னது வட மாநிலங்கள். அதுவும் கருணையால இல்ல, அவங்களுக்கும் சீட் கணக்குதான்.

இப்போ இதுக்கு ஆப்ஷன் எழுதினேன். "அடிமைகளுக்கு அஞ்சுல மூணு பங்கு ஓட்டு கிடைத்தது" ஒன்னு. "அஞ்சுல மூணு பங்கு அடிமைகள் விடுதலை ஆனார்கள்" ஒன்னு. "சட்டம் நிறைவேற அஞ்சுல மூணு பங்கு மாநிலங்கள் சம்மதிக்க வேண்டும்" ஒன்னு. நாலாவது சரியான பதில். குட்டி முதல் ஆப்ஷனை அழுத்தினா. அழுத்தின உடனே எனக்கு அவ மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. பழைய ஆப்ல "தப்பு"ன்னு மட்டும்தான் தெரியும், இதுல எப்படித் தப்புன்னு தெரியுது. நம்ம பாஷைல சொன்னா, வெறும் எரர் கோடுக்குப் பதிலா ஸ்டாக் டிரேஸ். அன்னைக்கு இருபது நிமிஷம் அந்த ஒரே கேள்வியைப் பேசினோம். "அப்போ ரெண்டு பக்கமும் கெட்டவங்களா மாமா?"ன்னு கேட்டா. நான் பதில் சொல்லல. எனக்குச் சொல்லவும் தெரியல.

எல்லாம் நல்லாப் போகுதுன்னு நினைச்சப்போ நான் வாங்கின அடி ரெண்டு.

முதல் அடி. "அமெரிக்காவில் அடிமை முறை எந்த ஆண்டு ஒழிந்தது?" ஆப்ஷன் 1861, 1863, 1865, 1877. குட்டி 1865ஐ அழுத்தினா. சிவப்புப் பெருக்கல் குறி வந்தது.

"மாமா, உங்க ஆப் தப்பு."

"இல்ல குட்டி, லிங்கன், விடுதலைப் பிரகடனம், 1863 ஜனவரி 1." நான் ரொம்ப கான்ஃபிடன்ட்டா சொல்றேன். பின்னாடி இருந்து அக்காவும், "ஆமாடி, நான் சிட்டிசன்ஷிப் டெஸ்ட்டுக்கு அப்படித்தானே படிச்சேன்"ங்கிறா.

அவ சொன்னா, "மாமா, நாங்க டெக்ஸாஸ்ல இருக்கோம். ஜூன்டீன்த் தெரியாதா?"

தெரியாது. பேர் கேள்விப்பட்டிருக்கேன், லீவுன்னு தெரியும், அதுக்கு மேல தெரியாது. 1863 பிரகடனம் லிங்கன் போர்க்கால அதிகாரத்துல போட்டது. பிரிஞ்சு போய்ச் சண்டை போட்டுட்டு இருந்த தெற்குப் பகுதிகளுக்கு மட்டும்தான் அது செல்லும். ஒன்றியத்தை விட்டுப் போகாத கென்டக்கி, டெலவேர் மாதிரி மாநிலங்கள்ல இருந்த அடிமைகளை அது தொடவே இல்ல. செல்லும்னு சொன்ன இடங்கள்லயும், ராணுவம் போய்ச் சேர்ந்தாத்தான் விடுதலை. டெக்ஸாஸ்ல கால்வெஸ்டன் ஊருக்கு ராணுவம் வந்து அறிவிச்சது 1865 ஜூன் 19. ரெண்டரை வருஷம் கழிச்சு. அந்த நாள்தான் ஜூன்டீன்த், 2021ல நாடு முழுக்க அரசு விடுமுறை ஆச்சு. நாடு மொத்தத்துக்கும் சட்டப்படி அடிமை முறை ஒழிஞ்சது பதிமூணாவது திருத்தம் வந்த பிறகு, 1865 டிசம்பர்ல.

அக்கா பழைய பிளாஷ் கார்டுகளைத் தேடி எடுத்தா. அவ எழுதினப்போ குடியுரிமைத் தேர்வுக்கு 100 கேள்வி கொடுத்துடுவாங்க. நேர்ல அதுல இருந்து 10 கேட்பாங்க, 6 சரியா சொன்னா பாஸ். விடுதலைப் பிரகடனம் என்ன செய்ததுன்னு அதுல ஒரு கேள்வி உண்டு. அரசாங்கமே கொடுத்த விடைகள்ல "கூட்டமைப்பு மாநிலங்களில் இருந்த அடிமைகளை விடுவித்தது"ங்கிறதும் இருக்கு, வெறுமனே "அடிமைகளை விடுவித்தது"ங்கிறதும் இருக்கு. எதைச் சொன்னாலும் மார்க். அக்கா சின்னதைத்தான் மனப்பாடம் பண்ணியிருக்கா. யாரா இருந்தாலும் அப்படித்தானே பண்ணுவோம்?

நான் யோசிச்சது இதுதான். அவங்க டீச்சர் ஜூன்டீன்த் பத்திச் சொல்லியிருந்ததால குட்டி என்கூட சண்டை போட்டா. சொல்லாத ஒரு பொண்ணு அந்த இடத்துல இருந்திருந்தா? சிவப்புக் குறியைப் பார்த்துட்டு, "ஓ, 1863 போல"ன்னு திருத்திக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போயிருக்கும். அடுத்த தடவை 1863 அழுத்தும், பச்சை டிக் விழும், டிங். நான் ஒரு பொய்யை, அதுவும் ஆராய்ச்சிபூர்வமா நிரூபிக்கப்பட்ட முறைல, ஆணி அடிச்சு உள்ள இறக்கியிருப்பேன். இந்தத் தளங்கள்ல இருக்குற கேள்வித் தொகுப்புகள்ல ஏகப்பட்டது என்னை மாதிரி யாரோ ஒரு ஞாயித்துக்கிழமை ஏத்தி விட்டதுதான். கோடுன்னா யாராவது ரிவ்யூ பண்ணுவாங்க. இதை யாரு ரிவ்யூ பண்றா?

ரெண்டாவது அடி இதைவிடப் பலமானது.

செரோக்கி மக்கள் பத்தின பகுதி. 1830ல ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்துல பழங்குடிகளை அவங்க மண்ணுல இருந்து வெளியேத்துற சட்டம் வருது. 1832ல உச்ச நீதிமன்றம் செரோக்கிகள் பக்கம் தீர்ப்பு சொல்லுது, ஆனாலும் அவங்களைக் காப்பாத்த அது உதவல. 1838, 39ல சுமார் 16,000 பேரை ராணுவம் மேற்கே ஓட்டிட்டுப் போகுது. குளிர், பசி, நோய். கண்ணீர்ப் பாதைன்னு அதுக்குப் பேர். நான் எழுதின கேள்வி: வழியில் சுமார் எத்தனை பேர் இறந்தார்கள்? குட்டி 4,000ஐ அழுத்தினா. சரியான பதில். டிங். திரை முழுக்கக் காகிதப் பூ.

அக்கா பின்னாடி துணி மடிச்சிட்டு இருந்தா. கையை நிறுத்திட்டு, "டேய், இதுக்கு எதுக்குடா பூ கொட்டுது?"ன்னா.

எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. கோடுல அது ஒரே ஒரு வரி. பதில் சரின்னா கொண்டாடு. கேள்வி என்னன்னு அந்த வரிக்குத் தெரியாது. ஆனா அதை எழுதினவனுக்குத் தெரியணும் இல்லையா? அன்னைக்கே அந்த வரியை அழிச்சேன். குறிப்பிட்ட கேள்விகளுக்கு மட்டும் நிறுத்தலாமான்னு ஒரு பிளாக் வைக்க ஆரம்பிச்சேன். அப்புறம் எந்தக் கேள்விக்குக் கொண்டாடலாம்னு நான் உக்காந்து பிரிக்கிற நிலைமையை நினைச்சுப் பார்த்துட்டு, மொத்தமா எடுத்துட்டேன்.

இது என்னோட தனி முட்டாள்தனம்னு நினைச்சேன், இல்ல. டென்மார்க்ல ஒரு கம்பெனி, பள்ளிப் பசங்களுக்காக அடிமை வியாபாரத்தைப் பத்தி ஒரு கேம் பண்ணினாங்க. அதுல ஒரு பகுதில கப்பலுக்குள்ள மனுஷ உருவங்களை டெட்ரிஸ் கட்டை மாதிரி அடுக்கணும். எவ்வளவு நெருக்கமா அடைச்சாங்கன்னு பசங்களுக்குப் புரியட்டும்னு அவங்க நினைச்சிருக்காங்க. 2015ல அது இணையம் முழுக்கப் பரவி, பெரிய கண்டனம் எழுந்து, அந்தப் பகுதியை எடுத்துட்டாங்க. நோக்கத்துல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா டெட்ரிஸ் ஆடுறவனோட மூளை என்ன பண்ணும்? இடைவெளி இல்லாம அடுக்கணும்னு ஆசைப்படும். வியாபாரியோட ஆசையைக் குழந்தைக்குக் கத்துக் கொடுத்துட்டு, "பாரு, எவ்வளவு கொடுமை"ன்னா எப்படி?

இதுக்கு நேர் எதிரா, அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சிக்காரங்க பண்ணின "மிஷன் யூஎஸ்"னு ஒரு தொடர் இருக்கு, இலவசம். முதல் பாகத்துல நீங்க 1770ல பாஸ்டன்ல அச்சகத்துல வேலை பழகுற ஒரு பையன். இன்னொரு பாகத்துல 1848ல கென்டக்கில அடிமையா இருக்குற 14 வயசுப் பொண்ணு லூசி. அதையும் விமர்சிச்சவங்க இருக்காங்க, அடிமை வாழ்க்கையைத் தேர்வு செஞ்சு ஆடுற விளையாட்டா ஆக்கலாமான்னு. எனக்கும் முழு சமாதானம் இல்ல. ஆனா குட்டி பாஸ்டன் பாகத்தை ஆடிட்டு, "டீ வரி ஏன் பிரச்சினை ஆச்சுன்னு இப்பதான் புரியுது மாமா"ன்னா. சாண்ட்ரா டே ஓ'கானர்னு உச்ச நீதிமன்றத்தோட முதல் பெண் நீதிபதி, ஓய்வுக்கு அப்புறம் 2009ல ஆரம்பிச்ச ஐசிவிக்ஸ்லயும் நல்ல கேம்கள் இருக்கு. நீங்க ஒரு வக்கீல் ஆபீஸ் நடத்தணும், வர்றவங்களுக்கு சாசனப்படி உரிமை இருக்கா இல்லையான்னு சொல்லணும். அதுல நான் ராத்திரி ஒரு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன்னு அக்காகிட்ட சொல்லல.

இந்த மொத்த விஷயத்துக்கும் ஒரு தாத்தா இருக்கு தெரியுமா? ஓரிகன் டிரெயில். கேமிங் பிரியர்களுக்குப் பேர் தெரிஞ்சிருக்கும். அது பிறந்ததே எட்டாம் வகுப்பு அமெரிக்க வரலாறுக்காகத்தான். 1971, மினியாபொலிஸ். டான் ராவிட்ச்னு ஒரு பயிற்சி ஆசிரியர், வண்டி கட்டிட்டு மேற்கே போன குடியேறிகளைப் பத்திப் பாடம் எடுக்கணும். கூடத் தங்கியிருந்த பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் ரெண்டு பேரும் கணக்கு வாத்தியார் பயிற்சில இருந்தவங்க, பேசிக் தெரியும். மூணு பேரும் ரெண்டு வாரத்துக்குள்ள எழுதி முடிச்சாங்க. மானிட்டர் கிடையாது. டெலிடைப்னு டைப்ரைட்டர் மாதிரி ஒரு இயந்திரம், ஒவ்வொரு வரியும் காகிதத்துல அடிச்சுக்கிட்டே வரும். வேட்டையாடணும்னா "பேங்"னு தப்பில்லாம வேகமா டைப் அடிக்கணும். ஒரே மெஷின், ஒரு கூட்டம் பசங்க. அவங்களாவே வேலையைப் பிரிச்சுக்கிட்டாங்களாம்: வேகமா அடிக்கிறவன் வேட்டைக்கு, ஒருத்தன் வரைபடம், ஒருத்தன் பணக் கணக்கு.

எனக்குப் புல்லரிச்ச இடம் இதுக்கு அப்புறம். ராவிட்ச் 1974ல மினசோட்டாவோட கல்விக் கணினி அமைப்புல வேலைக்குச் சேர்ந்தார். பழைய அச்சுப் பிரதியை வெச்சுத் திரும்ப டைப் பண்ணி ஏத்தினார். ஏத்தும்போது, அந்தப் பாதைல நிஜமா போனவங்க எழுதின நாட்குறிப்புகளைப் படிச்சு, எந்த ஆபத்து எவ்வளவு தடவை வந்திருக்குன்னு பார்த்து, அதுக்கேத்த மாதிரி நிகழ்தகவை மாத்தினார். நாம ரேண்டம் ஃபங்ஷனைக் கூப்பிட்டு பாயின்ட் ஃபைவ் கொடுத்துட்டுப் போயிடுவோம். இவர் செத்துப் போனவங்களோட டைரியைப் படிச்சு அந்த எண்ணைப் போட்டிருக்கார். அதுலயும் வண்டில போனவங்க கதைதான் இருந்தது. யாரோட நிலம் வழியா வண்டி போச்சோ, அவங்க கதை ரொம்ப காலம் வரல. 2021ல வந்த புதுப் பதிப்புலதான் பழங்குடி வரலாற்று அறிஞர்களை உக்கார வெச்சு எழுதினாங்க.

சரி, நம்ம ஆப்புக்கு வர்றேன். கடைசி ரெண்டு வாரம் அது ரொம்பவே எளிமையா ஆயிடுச்சு. அஞ்சு டப்பா. லைட்னர் முறைன்னு சொல்லுவாங்க: சரியா சொன்ன கேள்வி அடுத்த டப்பாவுக்குப் போகும், சில நாள் கழிச்சுத்தான் திரும்ப வரும். தப்புன்னா முதல் டப்பாவுக்கே திரும்பும், நாளைக்கே வரும். பாதிக் கேள்விக்கு ஆப்ஷனை எடுத்துட்டு வெறும் பெட்டி வெச்சேன், அவளே டைப் பண்ணணும். ஸ்டார் தேர்வும் 2023ல இருந்து அப்படித்தான், ஆன்லைன்ல, கொள்குறி கேள்வி முக்கால் பங்குக்கு மேல இருக்கக் கூடாது, மீதில இழுத்து வைக்கிறது, சின்னதா எழுதுறதுன்னு வரும். அவ எழுதுறதைத் திருத்த ஏஐயைக் கோத்துப் பார்த்தேன். அது எல்லாத்துக்கும் "அருமையான முயற்சி"ன்னு சொல்லுச்சு. கழட்டிட்டு நானே காலைல காபியோட படிச்சுத் திருத்தினேன்.

"ஏன்"னு மட்டும் ஒரு பட்டன் வெச்சேன். 1803ல லூயிசியானா நிலப்பரப்பை அமெரிக்கா 1.5 கோடி டாலருக்கு வாங்கிச்சு, நாடு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆச்சு. ஏன்? நெப்போலியன் வித்தார். ஏன் வித்தார்? பிரிட்டனோட போருக்குப் பணம் வேணும். அது மட்டுமா? இந்தக் கட்டத்துல குட்டி அவளா தேடிப் போய் எழுதினா: இன்னைக்கு ஹைட்டின்னு சொல்ற இடத்துல அடிமைகள் எழுந்து நின்னு பிரெஞ்சுப் படையைத் தோற்கடிச்சாங்க. அந்த இடம் போனதுக்கு அப்புறம் லூயிசியானாவை வெச்சுக்கிட்டு நெப்போலியனுக்குப் பெருசா பிரயோஜனம் இல்லன்னு. கீழ இன்னொரு வரி: "அப்போ எங்க நாடு பெருசானதுக்கு அவங்களும் ஒரு காரணமா மாமா?" அவ "எங்க நாடு"ன்னு எழுதியிருந்ததை நான் ரெண்டு தடவை படிச்சேன். அவ அங்கயே பிறந்தவ, வேற எப்படி எழுதுவா? இருந்தாலும்.

2022ல நாடு முழுக்க நடந்த எட்டாம் வகுப்பு வரலாற்று மதிப்பீட்டுல, தேர்ச்சி நிலையைத் தொட்டது 13 சதவீதம் பேர்தான். 40 சதவீதம் அடிப்படை நிலைக்கும் கீழ. இந்த ஆப்கள் எல்லாம் ஏற்கனவே வகுப்பறைக்குள்ள வந்ததுக்கு அப்புறம் எடுத்த கணக்கு இது. ஆப்களாலதான் குறைஞ்சதுன்னு நான் சொல்லல, கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடினது நடுவுல இருக்கு.

தேர்வு முடிஞ்சது. எப்படிடி எழுதினேன்னு கேட்டதுக்கு, "ஓகே மாமா"ன்னா. அந்த வயசுக்கு அது பெரிய பாராட்டு. மார்க் வந்தப்போ நல்லாவே எடுத்திருந்தா, ஆனா தொண்ணூத்தி நாலு எல்லாம் இல்ல. குடும்ப குரூப்ல ஸ்கிரீன்ஷாட் யாரும் போடல.

போன வாரம் ஒரு லிங்க் அனுப்பினா. என்னோட ஆப்பையே காப்பி பண்ணி, அவளே பத்துக் கேள்வி எழுதியிருக்கா. தலைப்பு "மாமாவுக்கு டெஸ்ட்". ஆப்ஷன் எல்லாம் ஒரே நீளம், எண்ணிப் பார்த்தேன். ஃபிரெடெரிக் டக்ளஸ், அடிமையா இருந்து தப்பிச்சு வந்தவர், 1852ல சுதந்திர தினத்துக்கு மறுநாள் ஒரு புகழ்பெற்ற உரை நிகழ்த்தினார். அதை வெச்சு ஒரு கேள்வி: ஜூலை 4 யாரோட நாள், யாரோட நாள் இல்ல, ஏன்? வெறும் பெட்டி, ஆப்ஷன் கிடையாது. நான் மூணு வரி எழுதி அனுப்பினேன். "பாதி மார்க்"னு திருத்தி அனுப்பிச்சா. மொத்தம் பத்துக்கு ஆறரை. குடியுரிமைத் தேர்வா இருந்தா பாஸ்.

அந்த ஆப்போட கோடு பொதுவுலதான் வெச்சிருக்கேன், லிங்க் எபிசோட் விவரத்துல இருக்கு. கேள்விகள் இல்ல, டப்பா முறை மட்டும். கேள்வியை நீங்களே எழுதிக்கோங்க. அடுத்த எபிசோட்ல திரும்ப டேட்டாபேஸ் பக்கம் போவோம், ரெப்ளிகேஷன் பத்திப் பேசணும்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. வரேன் மக்களே.